தயார்நிலை மையத்தின் தயாரிப்பு

இளைஞர்களின் எதிர்காலத்தைத் தயாரிப்பதில் உலகுக்கே வழிகாட்டத் தகுந்த நிறுவனம் ஒன்று உண்டென்றால், அது டயர் கடைக்கு மேல் மாடியில் இயங்கிய ‘தயார்நிலை மையம்’தான். ஊர் ஊராகப் போய் அறுவடை வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், பாதியில் விட்ட படிப்பை முடித்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தேர்வை எழுதிக் கல்லூரிக்குப் போகவேண்டும் என்பது அதன் லட்சியம். லட்சியத்தைச் சுவரில் பெரிதாக எழுதியிருந்தார்கள். சுவருக்கு வருடந்தவறாமல் வர்ணமும் அடித்தார்கள்.

அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நெட்டை உள்ளே நுழைந்தாள். தக்காளிக் கிடங்கில் தரம் பிரிக்கும் பெண். உயரம் காரணமாக அந்தப் பெயர். அம்மாவுக்குக் கை முறிந்தபோது எக்ஸ்ரே அறையை எட்டிப் பார்த்ததிலிருந்து, எக்ஸ்ரே எடுக்கும் படிப்பைப் படித்தே தீருவது என்று பிடிவாதமாக இருந்தாள்.

“கணக்கு எப்ப சார் சொல்லித் தருவீங்க?” என்றாள் முதல் நாளே.

மையத்தின் இயக்குநர் பரிவோடு சிரித்தார். “அவசரப்படாதம்மா. முதல்ல மனசு தயாராகணும்.”

மனதைத் தயாரிக்கும் பணி உடனே தொடங்கியது. நிமிர்ந்து உட்காரக் கற்பித்தார்கள். கைகுலுக்கக் கற்பித்தார்கள். ‘கனவு மரம்’ என்ற படத்தில் ஆளுக்கொரு இலை ஒட்டச் சொன்னார்கள். நெட்டை தன் இலையில் ‘எக்ஸ்ரே’ என்று எழுதினாள்.

“இவ்வளவுதானா? இன்னும் பெருசா கனவு காணு!” என்று ஊக்கப்படுத்தினார் இயக்குநர்.

பெரிய இலை வாங்கி, அதிலும் ‘எக்ஸ்ரே’ என்றே எழுதி ஒட்டினாள்.

வகுப்பு நடந்தது பட்டப்பகலில். அந்த நேரத்தில் பிள்ளைகள் எல்லோரும் வயலிலோ கிடங்கிலோ இருந்தார்கள். வருகை குறைந்ததும் மையம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. ‘இளைஞர்களிடம் ஆர்வம் குன்றியது ஏன்?’ என்று கூட்டம் போட்டது. நெட்டை அரைநாள் விடுப்பெடுத்து அதில் கலந்துகொண்டாள்.

“சாயங்காலம் வகுப்பு வச்சா எல்லாரும் வருவோம் சார்.”

“அதெப்படி? சாயங்காலம் ஆபீஸ் மூடிடுவோமே!”

ஆனாலும் அவர்கள் திறந்த மனம் படைத்தவர்கள். ‘சாயங்காலம்’ என்ற கருத்தை ஆராய ஒரு குழு அமைத்தார்கள்.

குழு ஆராய்ந்துகொண்டிருக்கையில் தக்காளி தீர்ந்துவிட்டது. அடுத்த ஊர் அறுவடைக்குப் போகும் லாரி கிடங்கு வாசலில் வந்து நின்றது. பாத்திரமும் பாயும் ஏறின.

“ஏறும்மா” என்றார் அப்பா.

“பரீட்சை இங்கதானேப்பா. நான் அத்தை வீட்ல இருந்துக்கறேன்.”

அப்பா லாரியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். ஏற்கெனவே கட்டி முடித்த கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினார். “அத்தைகிட்ட எதிர்த்துப் பேசாத” என்றார். லாரி திரும்பும்வரை கையை ஆட்டிய நெட்டை, பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

அத்தை மகளுக்குப் பள்ளியில் கடைசி வருடம். நெட்டையைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. கணக்கில் புலி.

“மைனஸை எங்கடி முழுங்கின? உனக்கெல்லாம் எக்ஸ்ரே ஒரு கேடா?” என்று தினமும் தலையில் குட்டுவாள். குட்டிவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி சொல்லித் தருவாள். நெட்டை அழுதாள், திட்டினாள், படித்தாள். தேர்வு எழுதித் தேறினாள். எக்ஸ்ரே படிப்புக்குக் கல்லூரியில் இடமும் கிடைத்தது.

அதே வாரம் குழுவின் அறிக்கையும் வந்தது. சாயங்கால வகுப்பு மிக அவசியம் என்று ஒருமனதாகப் பரிந்துரைத்திருந்தார்கள். அதை வாசித்துக் காட்டத்தான் ஊரில் பிள்ளைகள் இல்லை.

மையம் விழா எடுத்தது. மேடையின் பின்னால் நெட்டையின் முகம் ஆளுயரப் படமாகத் தொங்கியது. அடியில் ‘எங்கள் தயாரிப்பு’. பொன்னாடை போர்த்திய இயக்குநர், குரல் தழுதழுக்க, மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

“உன்னைத் தயார் பண்ணினது யாருன்னு நீயே சொல்லும்மா.”

நெட்டை, மையம் கற்பித்தபடியே நிமிர்ந்து நின்றாள்.

“என்னைத் தயார் பண்ணினது என் அத்தை மகள் சார். நீங்க தயார் பண்ணினவங்களைப் பார்க்கணும்னா அடுத்த ஊர் வயலுக்குத்தான் போகணும். எல்லாரும் அங்க கூடையோட தயாரா நிக்கறாங்க.”