சங்கிலியோடு ஓடியவனின் மேல்முறையீடு

ஆஷ்காம்ப், ஓஹாயோ
அக்டோபர் 21, செவ்வாய்க்கிழமை

ஆஷ்காம்ப் கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநர் திரு. ரோலண்ட் டீக் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் மனைவியும் என் தங்கையுமான கார்லாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே நலம்.

தாங்கள் கையொப்பமிட்டு அனுப்பிய கடிதம் கிடைத்தது. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே நான்கு தெருக்கள்தான் இருக்கின்றன, நேரில் வந்து சொல்லியிருக்கலாம். 2016இல் இரவல் வாங்கிப்போன என் பனி அள்ளும் இயந்திரத்தைத் திருப்பித் தந்தபோதும் தாங்கள் நேரில் வரவில்லை. விடிந்து பார்த்தால் உடைந்த இயந்திரம் மட்டும் வாசலில் நின்றது. எனவே எனக்கு ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு சொல் இருக்கிறது. சென்ற சனிக்கிழமை நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் நான் ‘நடுநிலை தவறியதால்’ மைதானச் சங்கிலிக் குழுவிலிருந்து இந்தப் பருவம் முடியும்வரை நீக்கப்படுகிறேன் என்றும், மேல்முறையீடு செய்வதானால் பத்து நாளுக்குள் செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பத்து நாள் தேவையில்லை. இதோ.

பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பத்து கெஜச் சங்கிலியின் முன்முனைக் கம்பு என் கையில் இருக்கிறது. பின்முனைக் கம்பு பல் மருத்துவர் ஹோவர்ட் நாஃப் கையில். நான்கு முயற்சிக்குள் ஓர் அணி பத்து கெஜம் போனதா இல்லையா என்பதை நடுவர் சொல்வதாகச் சனங்கள் நினைக்கிறார்கள். சொல்வது எங்கள் சங்கிலி. சங்கிலிக் குழு கைதட்டக்கூடாது, கத்தக்கூடாது, சிரிக்கக்கூடாது. நிற்பதோ வந்திருக்கும் அணியின் பக்கம். நம் பையன்கள் அறுபது கெஜம் ஓடினாலும், வரி அலுவலக வரிசையில் நிற்பவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். பத்தொன்பது வருடம் அப்படித்தான் வைத்திருந்தேன். தொழிலில் நான் நில அளவையாளன். இந்த மாவட்டத்தில் நான் அளக்காத வேலி இல்லை, ஒவ்வொரு வேலிக்கும் இரண்டு பக்கமும் எனக்கு விரோதிகள் இருக்கிறார்கள். நடுநிலைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வேண்டுமென்றால் தருகிறேன். நம் அணியில் பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்தும் மூன்று குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் போன வாரம் அரைப் பக்கம் எழுதியிருந்தார். அவர் பார்ப்பது மேலே கண்ணாடி அறையில், கையில் ஹாட்-டாக் ரொட்டியோடு. நான் பார்ப்பது எட்டு அடி தூரத்தில், மழையில். ஒருவன் மீதும் சாய்வில்லாமல் அவர்களை நான் எப்படி எடைபோட்டு வைத்திருக்கிறேன் என்று படித்துவிட்டு, நடுநிலை பற்றி அப்புறம் பேசலாம்.

முதலில் கிரஹாம் வெல்டன். நான்காம் ஆண்டு, ஆறடி நாலங்குலம். நின்று எறிவதில் அவனுக்கு இணை இந்தப் பிராந்தியத்தில் இல்லை என்று மனதார ஒப்புக்கொள்கிறேன். இருபது கெஜத்துக்குள் யாருக்குப் போட வேண்டுமோ அவன் மார்பில் பந்து சத்தமில்லாமல் போய் உட்காரும். குறை என்னவென்றால், யாருக்குப் போடப் போகிறானோ அவனையே பார்த்துக்கொண்டிருப்பான். கல்யாண வீட்டில் கேக் வெட்டுவதற்கு முன்பே கேக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பானே ஒருத்தன், அந்த மாதிரி. எதிரணிக்காரன் அந்தப் பார்வையைப் பின்தொடர்ந்தே போய்ப் பந்தை எடுத்துவிடுகிறான். நூற்றிருபது கிலோ ஆள் மேலே பாய்ந்து வரும்போது, பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்ற இடத்திலேயே நிற்பான். விழுந்த பிறகு, கீழே தள்ளியவனிடமே மன்னிப்புக் கேட்பான். நல்ல குடும்பத்துப் பிள்ளை. புதிய ஸ்கோர்போர்டில் அவன் தகப்பனார் பெயர் இருக்கிறது. அதற்காகத்தான் அவனை முதலில் இறக்குகிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுத்து ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம் என்று அளந்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அடுத்தவன் காலப் ஸ்ட்ராட். மூன்றாம் ஆண்டு, இந்தியானாவில் வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவன். ஃப்ரிஜ்ஜுக்குத் தலைக்கவசம் மாட்டியது போன்ற உடம்பு. ஒரு கெஜம் வேண்டுமா, இவனிடம் பந்தைக் கொடுத்துவிட்டு நாங்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பிக்கலாம். முதுகில் மூன்று பேரைச் சுமந்துகொண்டு இரண்டு கெஜம் போய்விடுவான். அறுபத்தைந்து கெஜம் எறியக்கூடிய கை. ஆனால் ஐந்து கெஜத்துக்கும் அதே வேகத்தில்தான் எறிவான். பந்து பிடிக்கும் பையன்களில் இரண்டு பேர் விரலில் கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஒருவன் ஸ்ட்ராட் கையை ஓங்கினாலே கண்ணை மூடிக்கொள்கிறான். ஆட்டத் திட்டமும் அவனுக்கு மனதில் நிற்பதில்லை. மணிக்கட்டில் கட்டியிருக்கும் சீட்டை, புது ஹோட்டலில் மெனு படிக்கிற மாதிரி மேலிருந்து கீழே படித்துக்கொண்டிருப்பான், கடிகாரம் தீர்ந்துவிடும், அபராதம், பந்து ஐந்து கெஜம் பின்னால் போகும். சனிக்கிழமை மட்டும் மூன்று தடவை. மூன்றாவது தடவை டாக்டர் நாஃப் என் காதோரம், “சூப் ஆர்டர் பண்ணிட்டானா?” என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை. கவனிக்கவும், சிரிக்கவில்லை.

மூன்றாவது, முதலாம் ஆண்டுப் பையன் ஐசக் குவார்ல்ஸ். பன்றிப் பண்ணைக்காரர் மகன், எழுபத்திரண்டு கிலோ. குறைகளையே முதலில் எழுதுகிறேன், நடுநிலை தெரியட்டும். குள்ளம், முன்னால் நிற்கும் தடுப்பாளர்களின் தோளுக்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியாது. இடதுகைக்காரன், அதனால் பந்து எதிர்த்திசையில் சுழன்று வருகிறது, வலதுகைப் பந்துக்குப் பழகிய பையன்கள் கைநழுவ விடுகிறார்கள். ஓடும்போது பந்தை ரொட்டி வாங்கிக்கொண்டு வருகிறவன் மாதிரி பிடிக்கிறான். பயிற்சியில் நான்கு முறை தவறவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். சிக்னல் சொல்லும்போது குரல் உடைகிறது. இத்தனை குறை உள்ளவனை ஆதரிக்க நான் என்ன பைத்தியமா?

நிறைகளை ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் மாப்பிள்ளை, நீங்கள் அன்றைக்கு மேலே விருந்தினர் அறையில் பழைய மாணவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தீர்கள், நீங்கள் பார்க்கவில்லை, ஆகவே சொல்கிறேன். கடைசிக் கால்பகுதி. மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறோம். வெல்டன் இரண்டு பந்தை எதிரிக்குத் தானம் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான், ஸ்ட்ராட் மெனு படித்துப் படித்துப் பயிற்சியாளரின் பொறுமையைத் தீர்த்துவிட்டான், வேறு ஆளில்லாமல் குவார்ல்ஸை இறக்குகிறார்கள். பந்து நம் எல்லையிலிருந்து இருபத்திரண்டாவது கெஜக் கோட்டில். மூன்றாவது முயற்சி, எட்டு கெஜம் வேண்டும். என் கம்பு முப்பதில். பையன் பின்வாங்குகிறான், ஒருவரும் காலியாக இல்லை, இரண்டு தடியன்கள் அவன்மீது பாய்கிறார்கள், அவன் குனிந்தான் பாருங்கள், இரண்டு பேரும் ஒருவர்மீது ஒருவர் மோதி விழுந்தார்கள், அவன் அந்த இடத்திலேயே இல்லை, என் பக்கம் வருகிறான், கோட்டை ஒட்டி, அந்தக் கால்கள் தரையைத் தொட்டனவா இல்லையா என்று அளவையாளனான என்னால் சொல்ல முடியவில்லை, ஒருத்தனை வலது தோளில் ஏமாற்றினான், இன்னொருத்தனுக்கு இடுப்பை ஒரு பக்கம் காட்டிவிட்டு மறுபக்கம் நழுவினான், என் மூக்குக்கு நேராக ஒரு காற்று போயிற்று, அதற்குப் பிறகு நான் நின்ற இடத்தில் நானும் இல்லை.

தாங்கள் மறந்திருக்கலாம், நானும் இதே கல்லூரியின் மூன்றாவது குவார்ட்டர்பேக்காக நான்கு ஆண்டு இருந்தவன். அன்றைய பயிற்சியாளர், அவர் பெயரை எழுத என் பேனா இன்றும் மறுக்கிறது, ஒரே ஒருமுறை என்னை உள்ளே அனுப்பினார். முப்பத்தொரு புள்ளி முன்னிலை, இருபது வினாடி பாக்கி. பந்தை வாங்கினேன், மிச்ச நேரம் ஓடித் தீரட்டும் என்று சொன்னபடி மண்டியிட்டேன், ஆட்டம் முடிந்தது. பதிவேட்டில் என் பெயருக்கு நேராக இருப்பது: ஓட்டம் ஒன்று, தூரம் ஒரு கெஜம், பின்னால். எனக்குக் காலே கிடையாதா என்று முப்பத்திரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பதில் கிடைத்தது.

எந்தக் கையில் கம்பு இருக்கிறது என்ற நினைவே இல்லாமல் ஓடினேன். கம்பில் சங்கிலி, சங்கிலியின் மறுமுனையில் மாற்று முட்டி வைத்த அறுபத்தெட்டு வயது டாக்டர் நாஃப். அவர் என்னைவிடக் கடமை தெரிந்தவர், கம்பை விடவில்லை. முதல் பத்து கெஜம், “ஆல்டன், எங்கய்யா போற?” என்றார். அடுத்த பத்தில், “ஆல்டன், முட்டி, முட்டி” என்றார். வந்திருந்த அணியின் பெஞ்சுக்கு முன்னால், அவர்களுடைய ஆரஞ்சுச் சாற்றுப் பீப்பாயைச் சங்கிலி வாரிக்கொண்டு விழுந்த இடத்தில்தான் கம்பை விட்டார். அவர்களுடைய பயிற்சியாளர் சட்டையெல்லாம் ஆரஞ்சுச் சாறு வழிய, “யோவ், உங்க ஊர்ல சங்கிலிக்காரனும் ஆடுவானா?” என்று கத்தியது காதில் விழுந்தது. பதில் சொல்ல நேரமில்லை. எழுபது கெஜம் நான் ஓடியிருக்கிறேன், கையில் கம்போடு, பின்னால் ஆளில்லாத கம்பும் சங்கிலியும் கிலுகிலுக்க. ஐம்பத்து நான்கு வயதில்.

எல்லைக்கு அப்பால் பையன் மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தான். எதிரணியும் இல்லை, நம் அணியும் இல்லை. நான் மட்டும் நிற்கிறேன்.

“சார், நீங்க யாரு?” என்றான்.

“சங்கிலி” என்றேன்.

அவன் கம்பைப் பார்த்தான், சங்கிலியைப் பார்த்தான். “அங்கேருந்தா ஓடி வர்றீங்க? எனக்காகவா?” என்றான். அந்தப் பையன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சரி, அதை விடுங்கள்.

ஆறு புள்ளி தரும் அந்த டச்டவுனோடு முடிந்திருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் பின்னால் நடுவர் வீசிய மஞ்சள் அபராதத் துணி கிடந்தது. நம் தடுப்பாளன் ஒருவன் யாருடைய சட்டையையோ பிடித்து இழுத்திருக்கிறான். டச்டவுன் ரத்து, பந்து பத்து கெஜம் பின்னால், பன்னிரண்டாவது கோட்டில் மறுபடியும் மூன்றாவது முயற்சி. இலக்கு மட்டும் பழைய இடம், என் கம்பு நின்ற இடம். அதாவது நிற்காத இடம். சங்கிலியில் அடையாளத்துக்கு மாட்டும் கிளிப்பும் தெறித்துப் போயிருந்தது. நடுவர் வந்து மிகவும் மரியாதையாக, “பெரியவரே, கம்பு எங்க இருந்துச்சு?” என்று கேட்டார். முப்பதாவது கோட்டுக்கு நான்கு விரல்கடை இந்தப் பக்கம் என்றேன். அவர் நம்பவில்லை. கோட்டுக்கு மேலேயே வைக்கச் சொன்னார். பதினோரு நிமிடம் ஆட்டம் நின்றது. அப்புறம் குவார்ல்ஸ் இரண்டே முயற்சியில் பதினெட்டு கெஜம் கொண்டுவந்து சேர்த்தான், நான்கு விரல்கடை குறைய. ஆட்டம் அங்கே போயிற்று.

அந்த நான்கு விரல்கடைக்காக இந்த ஊர் மூன்று நாளாக என்னை என்ன பாடு படுத்துகிறது தெரியுமா? மாதா கோயிலில் பாதிரியார் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கச் சொன்னால் பக்கத்து வரிசைக்காரர் தும்முவது மாதிரி திரும்பிக்கொள்கிறார். காலைச் சாப்பாட்டுக் கடை லோரெட்டா, நான் உட்காருமுன்பே, “கம்போட வந்திருக்கீங்களா, வெளியில நிறுத்திட்டு வந்தீங்களா?” என்கிறாள். டாக்டர் நாஃபிடம் எனக்கு வியாழக்கிழமை கடைவாய்ப்பல் எடுக்க நேரம் கொடுத்திருந்தது. மரப்பு ஊசி போடுவாரா என்று கேட்டுச் சொல்லச் சொன்னேன், டாக்டர் இன்னும் யோசிப்பதாக உதவியாளர் சொல்கிறார்.

இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு. மாப்பிள்ளை, என் மனைவி டோரீன் என்னை விட்டுப் போய் ஆறு வருடமாகிறது. வாரத்தில் ஆறு நாளும் நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்க ஆளில்லை. சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு மட்டும், நான் வராவிட்டால் ஓர் ஆட்டம் தொடங்காது. அந்தக் கம்பு எனக்கு அவ்வளவுதான். அதற்குமேல் இதை விளக்கிச் சொல்ல மாட்டேன், கேட்கவும் வேண்டாம்.

ஆகவே, வரும் சனிக்கிழமை பெல்வொர்த் கல்லூரியோடு நடக்கும் ஆட்டத்துக்கு முன்பே என் கம்பை என்னிடம் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மூவரில் யார் ஆடினாலும் எனக்கு ஒன்றுதான். என் முகத்தில் ஒரு சதை அசையாது. எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறேன்.

கார்லாவிடம் என் அன்பைச் சொல்லவும். அடுத்த மாத நன்றி நாள் விருந்தில் என்னைப் போன வருடம் போலச் சின்னப் பிள்ளைகளோடு மடக்கு மேசையில் உட்கார வைக்க வேண்டாம் என்றும் சொல்லவும். தங்கள் இரத்த அழுத்தம் சீராக இருக்கவும், தங்கள் பதவி நீடிக்கவும் மனதார வாழ்த்தும்,

தங்கள் மனைவியின் அண்ணன்,
ஆல்டன் ப்ரூயிட்
முன்முனைக் கம்பு, ஆஷ்காம்ப் மைதானம்

பின்குறிப்பு: உறையை ஒட்டி, தபால்தலையும் ஒட்டிய பிறகு கார்லா போன் செய்தாள். “அண்ணா, இன்னும் யாருக்கும் தெரியாது, வெளியில சொல்லிடாத. சனிக்கிழமை அந்த இடதுகைப் பையனைத்தான் முதல்லேர்ந்து இறக்குறாங்க. இவரும் உன் லெட்டர் வந்தா கையெழுத்துப் போட்டுடுறேன்னு சொல்லிட்டாரு. கம்பு உனக்குத்தான்” என்றாள். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். பிறகு உறையைக் கிழித்தேன். மாப்பிள்ளை, மேலே உள்ள மேல்முறையீட்டைத் தயவுசெய்து நிராகரித்துவிடுங்கள். காரணம் எழுத வேண்டியிருந்தால், மனுதாரருக்கு நடுநிலை என்பது துளியும் கிடையாது என்று எழுதுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆறாவது வரிசையில் டிக்கெட் வாங்கிவிட்டேன், சுற்றிலும் கத்துகிறவர்கள் உட்காரும் பகுதி. உத்தரவு வெள்ளிக்கிழமைக்குள் என் கைக்கு வரட்டும். கம்பு என் கையில் இருந்தால் அன்றைக்கு நான் வாயைத் திறக்க முடியாது.