இரண்டில் எது செத்தது

சர்வர் அறையில் தரையில் உட்கார்ந்து பல்லால் சிவப்பு டேப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள் க்ளெனிஸ் ஹாப்வுட். மறுநாள் காலை ஆய்வாளர் வருகிறார். எந்தக் கேபிளைப் பிடுங்க வேண்டும் என்பதை ஆய்வாளருக்கே தெரியாமல் ஆய்வாளருக்குச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் டுவூம்பா ஊருக்கு வெளியே இருந்த பிக்கரிங் முட்டைக் கம்பெனியில், கோழிகளைத் தவிர மற்ற எல்லாமே அந்த அறையில் இருந்த லினக்ஸ் சர்வரின் பேச்சைத்தான் கேட்கும். முட்டையை எடை பார்த்துப் பிரிக்கிற இயந்திரம், தேதி குத்துகிற இயந்திரம், எந்த லாரிக்கு எவ்வளவு என்கிற விவரம், எல்லாம். ஆனால் சர்வருக்குச் சொந்தமாக ஞாபகசக்தி கிடையாது. அது கீழ்த்தட்டில், டிஸ்க் பெட்டியில் இருந்தது. மேலேயிருந்து கீழே போக இரண்டு கேபிள். ஒன்று போனால் மற்றது தாங்கும். அதற்காகத்தான் இரண்டு.

ஒன்று போய்விட்டது. மழைக்காலத்து இடி ஒன்று சர்வரில் அந்தக் கேபிள் கிளம்புகிற மின்னணு அட்டையைக் கருக்கிவிட்டுப் போயிருந்தது. மாற்று அட்டை கப்பலில் வந்துகொண்டிருந்தது. கப்பல் எங்கே என்று கப்பல்காரனுக்கே தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் முட்டைக்கு ஒப்பந்தம் பேச வந்தது. "நம்ம ரெண்டு வழியும் ஓடுதில்ல?" என்று முதலாளி க்ளைவ் கேட்டார். இன்றைக்கோ நாளைக்கோ அட்டை வந்துவிடும் என்ற தைரியத்தில், "ஜம்முன்னு ஓடுது" என்று சொல்லிவிட்டாள். அதை அவர் அப்படியே அங்கே சொல்லிவிட்டார். இப்போது சூப்பர்மார்க்கெட்டின் ஆய்வாளர் வந்து ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பார். உயிரோடு இருப்பதைப் பிடுங்கினால் இயந்திரம் நிற்கும். ஒப்பந்தம் போகும். இந்த வயதில் வேறு வேலை தேடி க்ளெனிஸும் போக வேண்டியதுதான்.

க்ளைவிடம் உண்மையைச் சொல்லவும் வழியில்லை. பொய்யை மறைத்தால் மனிதருக்குக் காது சிவந்துவிடும். மாட்டுச் சந்தையில் அவர் காதைப் பார்த்துத்தான் எதிராளி விலையையே சொல்லுவான்.

எந்தப் பழம் போக வேண்டுமோ அதை முன்னால் அடுக்குகிற கடைக்காரியைப் போல, டிஸ்க் பெட்டியின் இடது துளையில் இருந்த செத்த கேபிளை நன்றாக முன்னால் இழுத்துவிட்டு, அதில் சிவப்பு டேப் சுற்றி, 'சோதனைக்கு' என்று எழுதினாள்.

அப்புறம்தான் விளக்கு கண்ணில் பட்டது. உயிருள்ள கேபிளின் துளைக்கு மேல் பச்சை விளக்கு எரிந்தது. செத்ததற்கு மேல் ஒன்றுமில்லை. இரண்டின் மேலும் கறுப்பு டேப்பை ஒட்டினாள்.

அப்புறம் திரை. 'மல்டிபாத்' என்று அடித்து, ஒரு கோடும் இரண்டு 'எல்'லும் போட்டால், எந்த வழி எப்படி இருக்கிறது என்று லினக்ஸ் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். செத்த வழிக்கு நேராக 'தோல்வி, பழுது, ஓடுகிறது' என்று மந்திரி அறிக்கை மாதிரி போட்டிருந்தது. இரண்டும் நன்றாக இருந்த காலத்துப் பட்டியல் ஒன்றை க்ளெனிஸ் சேமித்து வைத்திருந்தாள். இனி யார் அந்தக் கட்டளையை அடித்தாலும் அந்தப் பழைய பட்டியலே வரும்படி ஒரு மாற்றுப்பெயர் எழுதிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

காலையில் ஆய்வாளர் வந்தார். நோரா ஃபினுகேன் என்று பெயர். க்ளெனிஸின் முழங்கை உயரம்தான் இருப்பார். க்ளைவ் ஒரு தட்டு நிறைய லாமிங்டன் கேக்கோடு முன்னால் நடந்தார். சர்வர் அறைக் கதவைத் திறந்தார்கள். இரண்டு கேபிளும் ஜடை பின்னினாற்போல முறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. சிவப்பு டேப்பைக் காணோம்.

நோரா தரையில் பையை வைத்துக் கண்ணாடியைத் தேடுகிற நேரத்தில், க்ளைவைக் கதவோரம் இழுத்தாள்.

"டேப்பு எங்க?"

"அசிங்கமா இருந்துச்சு, பிச்சுட்டேன். விருந்தாளி வர்ற இடமில்லையா?"

"கேபிளைத் தொட்டீங்களா?"

"நேத்து மெஷினெல்லாம் நிறுத்தி எல்லாரும் போனப்புறம் ரெண்டையும் கழட்டி, நல்லா தூசி தட்டி, திரும்ப சொருகினேன். எப்படி இருக்கு பாரு, கண்ணாலத்துக்குப் போற மாதிரி!"

"எது எங்க இருந்துச்சோ அங்கயே சொருகினீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுன்னு நீதானே சொன்னே? எதுல எதைச் சொருகினா என்னவாம்?"

க்ளெனிஸ் விளக்கைப் பார்த்தாள். டேப்பு. திரையைப் பார்த்தாள். அவளே எழுதி வைத்த பொய். ஆய்வாளரின் கண்ணைக் கட்டப் போட்ட முடிச்செல்லாம் அவள் கண்ணைச் சுற்றியே விழுந்திருந்தது.

"திரையைக் காட்டுங்க," என்றார் நோரா.

காட்டினாள். இரண்டு வழியும் 'தயார், ஓடுகிறது'.

"அழகு. ஒண்ணைப் பிடுங்கிடலாமா?" நோரா குனிந்து இடதுபக்கக் கேபிளில் கை வைத்தார்.

க்ளெனிஸின் மூளை பறந்தது. க்ளைவ் எதையும் நேராக வைக்கிற ஆளில்லை. நிச்சயம் மாற்றித்தான் சொருகியிருப்பார். அப்படியானால் செத்தது இப்போது வலதுபக்கம்.

"அது வேணாங்க! அந்தப் பக்கம் ரெட்பேக் சிலந்தி ஒண்ணைப் பார்த்தேன். கடிச்சா ஆஸ்பத்திரிதான். வலதுபக்கம் எடுங்களேன்."

"சிலந்தியா? நான் வளர்ந்ததே கொட்டகையிலதான்." நோராவின் கை மறுபடி இடதுபக்கம் போனது.

"முறைப்படி பார்த்தா வலதுபக்கம்தாங்க முதல் வழி. முதல்ல முதல் வழி!"

"நான் வலதுலருந்து இடதுபக்கமா எண்ணுறதில்லையே." கை மூன்றாம் தடவை இடதுபக்கம் போனது.

க்ளெனிஸ் அந்தக் கையைப் பிடித்தே விட்டாள். பிடித்து, மெல்ல, குழந்தையைச் சாலை தாண்டவைக்கிற பக்குவத்தோடு வலதுபக்கக் கேபிளின் மேல் கொண்டுபோய் வைத்தாள்.

"ஏம்மா, கேபிளைப் பிடுங்க வந்தவங்க கையை ஏன் பிடுங்குறே?" என்றார் க்ளைவ், வாய் நிறைய லாமிங்டனோடு.

அவள் திரும்பிய அந்த நொடியில் நோரா இடதுபக்கக் கேபிளைச் சடக்கென்று இழுத்துவிட்டார்.

க்ளெனிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். கொட்டகையில் இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது. இன்னும் கடகடத்தது. நிற்கவே இல்லை. யாரோ ஒரு பெண் அங்கே சிரிப்பதுகூடக் கேட்டது.

"நல்லது," என்றார் நோரா. "இப்ப திரை என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

க்ளெனிஸின் விரல்கள் தாமாகவே அடித்தன. இரண்டு வழியும் 'தயார், ஓடுகிறது'.

நோரா கேபிள் நுனியைத் திரைக்கு முன்னால் ஆட்டிக் காட்டினார். "இது என் கையில ஆடிட்டிருக்கு. அங்க ஓடிட்டிருக்கு."

"அதான் எங்க சிஸ்டம்!" என்று மார்தட்டினார் க்ளைவ். "கழட்டினாலும் ஓடும்!" அவர் காது கொஞ்சம்கூடச் சிவக்கவில்லை.

"சேதி... மேல போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகுங்க," என்றாள் க்ளெனிஸ்.

நோரா அவளைச் சற்று நேரம் பார்த்தார். திரையைப் பார்த்தார். கேபிளைத் திரும்பச் சொருகினார். "ரெண்டு வழி, ரெண்டும் சரி. பாஸ்," என்று சொல்லி, ஒரு லாமிங்டனை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

இந்த அம்மாவையெல்லாம் யார் ஆய்வுக்கு அனுப்புகிறார்கள் என்று ஆச்சரியப்பட்டபடியே க்ளெனிஸ் கார் வரைக்கும் கூடப் போனாள். நோரா வண்டியைக் கிளப்பிவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"அடுத்த தடவை விளக்கு மேல டேப் ஒட்டினா, அடிப்பக்கமும் சேர்த்து மடிச்சு ஒட்டுங்க. என் உயரத்துக்குப் பச்சை வெளிச்சம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. மூணு தடவை நான் செத்த கேபிளைப் பிடிச்சேன். மூணு தடவையும் நீங்கதான் உசுரோட இருக்கறதுகிட்ட என்னைத் தள்ளினீங்க."

க்ளெனிஸ் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுமா... பாஸ் போட்டீங்க? ஏங்க?"

நோரா கியரைப் போட்டார்.

"முட்டை வாங்க எங்களுக்கும் ரெண்டு வழிதான் இருந்துச்சு, க்ளெனிஸ். இன்னொண்ணு போன வாரம் செத்துப்போச்சு."