பதில் சொல்லப்படாத ஒரு ஸலாம்

வாசகப் பெருமக்களே, நீங்கள் தீர்ப்பளிக்க வேண்டாம். சாட்சியாக மட்டும் இருங்கள். கல்முனைக்குடிக் கடற்கரை மைதானத்தில் நடந்த வேட்பாளர் விவாதத்தில் வாதத்தால் வென்றவன் நானே. இதை மறுப்பவர் எங்கள் வட்டாரத்தில் ஒருவருமில்லை. எனக்கு வாக்களித்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில்தான் இருந்தார்கள்.

பாடசாலைக் காலத்திலேயே பேச்சுப் போட்டிகளில் கிண்ணங்களை அள்ளியவன் நான். உம்மாவின் பீங்கான் கோப்பைகளை வெளியேற்றிவிட்டுக் கண்ணாடி அலுமாரியில் அவை குடியேறியிருந்தன. ஆகவே, மாநகர சபைத் தேர்தலில் சுயேச்சைக் குழு ஒன்றின் வேட்பாளராக எங்கள் வட்டாரத்தில் இறங்கியபோது, வெற்றியைப் பற்றி எனக்கு ஐயமே எழவில்லை. எதிரே நின்றவர் ஊருக்கே அண்ணன் முறையான சலீம் காக்கா. கூரைத்தகடும் ஆணியும் விற்கும் கடைக்காரர். மூன்று வசனம் தொடர்ந்து பேசினால் நடு வசனம் காணாமற் போய்விடும். (இந்த மனிசனோட விவாதமா? எனக்கே பாவமாக் கிடந்தது.)

மாலை அஸர் தொழுகைக்குப் பின் விவாதம் என்று விளையாட்டுக் கழகம் அறிவித்தது. என் சொற்கள் ஆயத்தமாக இருந்தன. முகத்துக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது. எதிராளி பேசும்போது நம் முகம் என்ன பேசுகிறது என்பதில் பாதி வெற்றி அடங்கியிருப்பதாக நான் உறுதியாக நம்பினேன். இடது புருவத்தை உயர்த்துவது, உதட்டோரத்தில் ஓர் இகழ்ச்சிப் புன்னகையை நிறுத்துவது, கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்செறிவது எனக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு முழுமையான ஏளனத்தை வடித்தெடுத்தேன்.

விவாதத்தில் முதலாவதாகப் பேசியது நான். “வடிகானில் தேங்கி நிற்பது நீரா, இந்த நகரத்தின் மானமா?” என்று முழங்கினேன். கைதட்டல் அலையோசையை விழுங்கியது. அமர்ந்ததும், ஆயத்தமாக வைத்திருந்த முகத்தை அணிந்துகொண்டேன்.

சலீம் காக்கா எழுந்தார். ஒலிவாங்கியை நோக்கிச் செல்லாமல் நேரே என் முன்னால் வந்து நின்றார். “அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி” என்று இரு கைகளையும் நீட்டினார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்செறிந்தேன்.

அல்லாஹ் மீது ஆணையாக, அந்த ஸலாம் என் செவியில் ஏறவேயில்லை. அடுத்த சுற்றில் அவரை வீழ்த்தும் வசனத்தை மனத்துக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். அவருடைய கைகள் அந்தரத்தில் சற்று நேரம் நின்று, பின்னர் இடுப்புச் சாரத்தைச் சரிசெய்வதுபோல் இறங்கின. கூட்டம் ஒரே குரலில் “வஅலைக்கும் ஸலாம்” என்றது. அந்த முழக்கம் என் புன்னகைக்குக் கிடைத்த வரவேற்பு என்று எண்ணி, புன்னகையை இன்னும் சிறிது அகலமாக்கினேன்.

அவர் பேசினார். “வடிகான்... ஓம், அது பிரச்சினதான். தம்பி சொன்னது சரி. செய்யோணும். செய்வம்.” அவ்வளவுதான். நான் எழுப்பிய ஒரு வினாவுக்கும் விடையில்லை. மாலைகளை எதிர்பார்த்து வீட்டுக்கு நடந்தேன். வாசலில் கைத்தொலைபேசியும் கையுமாக என் மூத்த சகோதரி, ராத்தா, நின்றாள்.

“ராத்தா, பாத்தியா? மனிசன் ஒரு கேள்விக்காவது பதில் சொன்னாரா?”

“இல்ல. நீ சலாத்துக்குப் பதில் சொன்னியா?”

“எந்தச் சலாம்?”

அவள் திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். என் மச்சான்தான் விவாதத்தை நேரலை செய்திருந்தான். விசுவாசத்தின் மிகுதியால் என் முகத்தையே முழுத்திரையில் நிறுத்தியிருந்தான். ஓரத்தில் இரண்டு முதிய கைகள். நடுவில் புருவத்தை உயர்த்திக் கடிகாரம் பார்க்கும் ஒரு மமதை. அது யாரென்று எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது வாசற்படியிலேயே அமர்ந்துவிட்டேன்.

“எனக்குக் கேக்கல்ல ராத்தா...”

“எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே! பாவம் மனிசன், ரெண்டு கையயும் நீட்டிட்டு நிண்டது. உம்மா அழுவுறா. எனக்கே அவருக்கு வோட்டுப் போடோணும் போல கிடக்கு.”

“நீயுமா?”

“நீ கேட்டது வடிகான் கேள்வி. அவர் தந்தது சலாம். எதுக்கு முதல்ல பதில் சொல்லோணும், நீயே சொல்லன்.”



மறுநாள் முதல் வட்டாரமே என்னைச் சோதிக்கத் தொடங்கியது. முச்சக்கர வண்டியை நடுவீதியில் நிறுத்தி ஸலாம் சொன்னார்கள். மதிலுக்கு மேலால் சொன்னார்கள். தேநீர்க் கடையில் ஒருவர் ஸலாம் சொல்லிவிட்டு என் உதடுகளையே உற்றுப் பார்த்தார், பதில் வந்ததும், “டேய், வாய் வேல செய்யிதுடா!” என்று உள்ளே கூவினார். இழந்த மானத்தை மீட்க ஒவ்வொருவருக்கும் மேடைக் குரலிலேயே பதிலுரைத்தேன். வாக்களிப்பு நாளன்று குரல்வளை முற்றாகக் கைவிட்டது. காற்று மட்டும் வந்தது.

தோற்றேன். வெற்றி ஊர்வலம் வெடிச் சத்தத்தோடு எங்கள் வீதியில் திரும்பி, என் வாசலிலேயே நின்றது. சலீம் காக்கா இறங்கி வந்தார். வெடிகூட ஓய்ந்துவிட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி.”

நான் வாயைத் திறந்தேன். நெஞ்சு விம்மியது, கழுத்து நரம்பு புடைத்தது, உதடுகள் அசைந்தன. ஓசை இல்லை.

“பாருங்கடா, இப்பவும் சொல்றானில்ல!” என்றது கூட்டம்.

திகைப்பில் பாய்ந்து அவருடைய இரு கைகளையும் பற்றிக் குலுக்கினேன், விடவே அஞ்சினேன். உள்ளிருந்து ராத்தா, “வஅலைக்கும் ஸலாம் காக்கா! அவனுக்குத் தொண்ட அடைச்சிட்டு, சொல்ல ஏலா!” என்று அலறினாள்.

“விளங்கிட்டு மனே, விளங்கிட்டு. கைய விடு, கழண்டிரும்” என்றார் அவர்.

அடுத்த வாரம் நன்றி சொல்ல அதே மைதானத்தில் அவர் கூட்டம் வைத்தார். என்னையும் அழைத்து, தாமே ஸலாம் சொல்லி, ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். குரல் திரும்பியிருந்தது. அன்று நான் கூறியதைப் பிடித்துக்கொண்டுதான், வீட்டில் எந்த வாதத்திலும் நான் வெல்லப்போகும் தறுவாயில் ராத்தா ஒரு ஸலாத்தைக் குறுக்கே வீசுகிறாள். நானும் நிறுத்திப் பதிலுரைத்து, விட்ட இடத்தை மறந்து தோற்கிறேன். ஊர் முழுக்கக் கேட்க நான் கூறியது இதுதான்: “வஅலைக்கும் ஸலாம், காக்கா. இன்ஷா அல்லாஹ், இனி எவர் எனக்கு ஸலாம் சொன்னாலும், என் வாயில் எவ்வளவு அருமையான வசனம் காத்துக் கிடந்தாலும், அதை அப்படியே விழுங்கிவிட்டு முதலில் பதில் சொல்வேன்.”