அங்கீகாரம் பெறாத கழுதை

ஒரு காட்டில் முதலில் தார் ரோடு வந்தது, பிறகு செல்போன் டவர் வந்தது, அதற்கும் பிறகு ஒரு கார் ஷோரூம் வந்தது. ஷோரூம் வந்த அந்தக் காலத்தில் மாசிலாமணி என்றொரு கரடி அங்கே வாழ்ந்து வந்தார். கரடிக்கு எதற்கு 'வந்தார்', 'வந்தது' போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அவர் வேங்கை வாங்கியவர்.

வேங்கை என்பது வண்டியின் பெயர். அடர்வனம் மோட்டார்ஸ் புதிதாக விட்டிருந்த எஸ்.யு.வி. முன்னால் நின்று பார்த்தால் யாரையோ அடிக்க வருவதுபோல் இருக்கும். கூரையில் ஒரு ஜன்னல் உண்டு. உள்ளே ஒரு பெண் குரல் உண்டு. ஏசியைக் கூட்டு என்றால் கூட்டும், பாட்டைப் போடு என்றால் போடும். காட்டிலிருந்த நிஜப் புலி அப்போதும் நடந்துதான் போய்க்கொண்டிருந்தது. தன் பெயரை வண்டிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அதை யாரும் கேட்கவில்லை.

மாசிலாமணி வண்டி வாங்கியது மகள் செவ்வந்தியின் கல்யாணத்துக்காக. மாப்பிள்ளை வீடு மலை மேல். சம்பந்தி சுருளியாண்டியும் கரடிதான், ஆனால் தொட்டதற்கெல்லாம் முகம் சுருங்குகிறவர். அவருடைய மூத்த மகனை மாப்பிள்ளை அழைப்பன்று பெண் வீட்டார் வண்டி அனுப்பாமல் நடத்தியே கூட்டிப்போனார்கள். வழி நெடுகக் குரங்குகள் சிரித்தன. அந்தச் சிரிப்பு இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை. அதனால் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போதே சொல்லிவிட்டார்.

"இங்க பாருங்க சம்பந்தி, சீர்செனத்தி ஒண்ணும் நான் கேக்கல. மாப்பிள்ளை அழைப்புக்கு நல்ல வண்டியா ஒண்ணு வாசல்ல வந்து நிக்கணும். வண்டி வரலைன்னா பையனும் வரமாட்டான்."

செவ்வந்திக்கோ அந்தப் பையனைத்தான் பிடித்திருந்தது. மாசிலாமணி மறுநாளே ஷோரூமுக்குப் போய்விட்டார்.

வண்டி எடுத்த அன்று மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள், அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கும்வரை எஞ்சினில் ஒரு குறையும் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் முதல் மேட்டிலேயே வண்டி இருமியது. மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சத்தம் முன்னால் போனது, வண்டி போகவில்லை. கடைசியில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றுவிட்டது. பெண் குரல் மட்டும் தெளிவாக இருந்தது. "அன்பான வாடிக்கையாளரே, நீங்கள் வண்டி ஓட்டும் முறையைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பூவாயி கேட்டாள். "எப்படி மாத்தணுமாம்? எறங்கித் தள்ளணுமாமா?"

தள்ளித்தான் கொண்டுவந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாசிலாமணி, வேங்கை வாங்கியவர்கள் எல்லாம் இருந்த வாட்ஸ்அப் குழுவில் அந்த இருமலைப் பதிவு செய்து போட்டார். 'யாருக்காவது இப்படி வருகிறதா?' என்று கேட்டார். குழுவே கொதித்தது. 'என் வண்டி வெண்ணெய் மாதிரி போகிறது.' 'ஓட்டத் தெரியாதவர்கள் ஏன் வாங்குகிறீர்கள்?' 'இவர் போட்டிக் கம்பெனி ஆள்.' குழுவை நடத்திவந்த காட்டுப்பன்றி அந்தப் பதிவையே அழித்துவிட்டது. பிறகு தனியாகப் போன் செய்தது.

"அண்ணே, எனக்கும் அதே இருமல்தான். குரூப்ல எல்லாருக்கும் அதேதான். இத வெளிய சொன்னா நாளைக்கு நம்ம வண்டிய எவன் வாங்குவான்? சத்தம் போடாம இருங்க. நான் மேட்டுப் பக்கமே போறதில்ல."

மாசிலாமணிக்கு மேட்டுப் பக்கம் போகாமல் முடியாது. மாப்பிள்ளை மேட்டின் மேல் இருந்தான். ஆகவே வண்டியைச் சர்வீசுக்கு விட்டார்.

இந்த இடத்தில் ஒரு நரி வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். நரியும் சர்வீஸ் சென்டர் வேலைக்கு விண்ணப்பித்தது. ஆனால் பொய் சொல்லும்போது அதற்குச் சிரிப்பு வந்துவிடுகிறது என்று எடுக்கவில்லை. முயலை எடுத்துக்கொண்டார்கள். வெண்மதி என்று பெயர். அந்த முகத்தைப் பார்த்து யாராலும் கோபப்பட முடியாது. மாசிலாமணி சண்டை போடுவதற்கென்றே தொண்டையைச் செருமிக்கொண்டு போனவர், "எப்படிம்மா இருக்க?" என்று விசாரித்துவிட்டு உட்கார்ந்தார்.

"பெட்ரோல் எங்க சார் போட்டீங்க?" என்றது முயல்.

"உங்க எதிர்த்த பங்க்லதான்."

"ஓ. நாங்களும் அங்கதான் போடுறோம்." முயல் கையிலிருந்த படிவத்தில் அந்தக் கேள்வியை அடித்தது. "வண்டி இங்கயே இருக்கட்டும் சார். பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் போனார். வண்டியைக் கழுவித் துடைத்துக் கண்ணாடி மாதிரி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே மல்லிகை வாசனை வேறு.

"என்னம்மா ஆச்சு?"

"எல்லாம் பாத்துட்டோம் சார். கோளாறு ஒண்ணும் இல்ல. வண்டியோட குணம்."

"குணமா?"

"குணம்தான் சார்."

இங்கேதான் விஷயமே இருக்கிறது. காட்டில் நாட்டு வைத்தியம் பார்த்து வளர்ந்த கரடி மாசிலாமணி. வைத்தியர் கையைப் பிடித்துப் பார்த்துக் குணம் என்று சொல்லிவிட்டால் நோய் போய்விட்டது என்று அர்த்தம். எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாசிலாமணியும் அப்படித்தான் எழுந்தார். முயலின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம்கூடப் பண்ணினார்.

"குணமாயிருச்சு பூவாயி," என்று வீட்டில் வந்து சொன்னார்.

பூவாயி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "குளிப்பாட்டி விட்டுருக்காங்க," என்றாள்.

மாப்பிள்ளை அழைப்பு நாளும் வந்தது. கல்யாண மண்டபம் மலையடிவாரத்தில். சாயங்காலம் போல வேங்கைக்கு முன்னும் பின்னும் மாலை சாத்தி, சம்பங்கிச் சரம் தொங்கவிட்டு, மாசிலாமணியும் பூவாயியும் மாப்பிள்ளையைக் கூட்டிவர மலை ஏறினார்கள். பாதி மலையில் வண்டி இருமியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. பெண் குரல் வழக்கம்போல அன்பாகப் பேசியது.

மேலே சம்பந்தி வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே மண்டபத்தில் செவ்வந்தி அலங்காரம் பண்ணி உட்கார்ந்திருப்பாள். மாசிலாமணி முயலுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, குணம்னு சொன்னியே?"

"ஆமா சார், குணம்னுதான் சொன்னேன். குணமாயிருச்சுன்னு சொல்லலையே. அதோட சுபாவமே அப்படித்தான் சார். மேட்டுல கொஞ்சம் நின்னு நிதானமா போகும்."

போனில் அந்த முகம் கண்ணில் படாததால் மாசிலாமணிக்குக் கோபம் தாராளமாக வந்தது. "இந்தா பாரு. வண்டியில கழுதையக் கட்டி இழுத்துட்டு வந்து ஒங்க ஷோரூம் வாசல்ல நிறுத்துறேன். டிவிக்காரன் எல்லாம் வரட்டும். காடே காறித் துப்பட்டும்." போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்திலிருந்த பாலத்துச் சுவரில் ஒட்டியிருந்த வேங்கை விளம்பரத்தை ஒரு கழுதை கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. அதன் பெயர் ஏகாம்பரம்.

"எஞ்சின் படம் போட்ட எடம் மட்டும் சப்புனு இருக்கு," என்றது ஏகாம்பரம். "சரிண்ணே, கழுதை கட்டி இழுக்குறது அவமானம்னு சொன்னீங்களே, யாருக்கு?"

"கம்பெனிக்கு."

"அப்ப எனக்கு?"

மாசிலாமணி கோபத்தில் அந்தப் பக்கம் யோசித்தே பார்க்கவில்லை. காட்டை விட்டுவிடுங்கள், நாட்டிலும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

பூவாயி இறங்கி வந்தாள். "என்னங்க, ஷோரூம் கீழ இருக்கு. மாப்பிள்ளை மேல இருக்காரு. கயிறு ஒரு பக்கந்தான் கட்ட முடியும். ஒங்களுக்கு நியாயம் வேணுமா, மருமகன் வேணுமா?"

மாசிலாமணி கீழே பார்த்தார். டிவி கேமராக்களும் முயலின் அழுத முகமும் கண்முன் வந்து போயின. அப்படி ஒரு நாள் வாழ்க்கையில் திரும்ப வராது. பிறகு மேலே பார்த்தார். பெருமூச்சு விட்டுக்கொண்டு கழுதையிடம் வந்தார்.

"தம்பி, எம் மகளுக்குக் கல்யாணம். மேல வரைக்கும் இழுத்துவிடுறியாப்பா?"

"இழுக்கலாம். எங்க அண்ணன் தம்பி எல்லாரும் வருவாங்க. ஆனா அவமானப்படுத்துறதுக்குன்னு கூப்பிட்டா வரமாட்டோம். கல்யாணத்துக்குன்னா கல்யாணத்துக்குக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுங்க."

பூவாயி குங்குமச் சிமிழைத் திறந்து ஏகாம்பரத்தின் நெற்றியில் பொட்டு வைத்தாள். வண்டிக்குப் போட்டிருந்த மாலைகளைக் கழற்றி, வந்து சேர்ந்த கழுதைகளின் கழுத்தில் போட்டார்கள். சம்பங்கிச் சரம் காதுகளுக்குப் போனது. பாட்டும் பெண் குரலும் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கழுதைகள் மூச்சுக் காட்டாமல் இழுத்தன. அந்த மேட்டில் வேங்கை இருமாமல் ஏறியது அன்றைக்குத்தான்.

சம்பந்தி வாசலில் நின்றிருந்தார். வண்டியைப் பார்த்தார். வண்டிக்கு முன்னால் மாலை போட்டு நின்ற கழுதைகளைப் பார்த்தார். அவர் முகம் சுருங்குவதா விரிவதா என்று முடிவெடுக்காமல் நின்றது. மரத்தின் மேல் குரங்குகள் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தன.

"என்ன சம்பந்தி இது?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். அதற்குள் பூவாயி முந்திக்கொண்டாள்.

"டாப் மாடலுங்க," என்றாள்.

சுருளியாண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டில் காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்லையே?"

"அதுக்குத்தாங்க இவ்வளவு நாள் காத்திருந்து எடுத்தது."

சம்பந்தியின் முகம் விரிந்தது. மாப்பிள்ளை கூரை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு ஊர்வலம் வந்தான். குரங்குகள் சிரிக்கவில்லை, செல்போனில் படம் எடுத்தன. மறுநாள் காலை செவ்வந்தி கழுத்தில் தாலி ஏறியது. மாசிலாமணி ஓரமாக நின்று அழுதார். அது சந்தோஷ அழுகைதான், கொஞ்சம் எஞ்சினும் கலந்திருந்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்ல நீதி ஒன்று சொல்லியிருப்பேன். முடியவில்லை. குரங்குகள் எடுத்த படம் காடு முழுக்கப் பரவியது. கழுதை வைத்த வேங்கை வேண்டும் என்று மான் முதல் முள்ளம்பன்றி வரை ஷோரூம் வாசலில் வரிசையில் நின்றன. மாசிலாமணி எஞ்சினை மாற்றித் தரச் சொல்ல அங்கே போனபோது, வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். 'வேங்கை பிளஸ். முன்பக்க இழுவைத் தொழில்நுட்பத்துடன்.' உள்ளே கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை தொங்க ஏகாம்பரம் நின்றிருந்தார். ஆமாம், இப்போது 'நின்றிருந்தார்'.

முயல் மாசிலாமணியின் வண்டியைக் குனிந்து பார்த்துவிட்டு வருத்தமாக நிமிர்ந்தது. "சார், பம்பர்ல கயிறு உரசின தடம் இருக்கு. அங்கீகாரம் பெறாத கழுதையப் பூட்டியிருக்கீங்க. வாரண்டி போயிருச்சு சார்."

"அந்தக் கழுதைதாம்மா இது," என்று ஏகாம்பரத்தைக் காட்டினார் மாசிலாமணி.

"இருக்கலாம் சார். ஆனா அன்னைக்கு இவர் எங்க ஸ்டாஃப் இல்லையே."

மாசிலாமணி ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் கூரையைப் பார்த்தார். வேறு வழி இல்லாமல், கம்பெனி முத்திரை போட்ட ஒரிஜினல் கழுதையையே பொருத்திக்கொண்டார் மாசிலாமணி. வந்தவர் ஏகாம்பரம்தான்.

மகளை அவள் புகுந்த வீட்டில் போய்ப் பார்க்கப் பலகாரத் தட்டுகளோடு புறப்பட்டார். பூவாயி வண்டியைப் பார்த்துவிட்டு, முதல் நாளே நடந்து போயிருந்தாள். பாதி மலையில், அதே பாலத்துக்குப் பக்கத்தில், வண்டி நின்றது. சுவரில் புதிதாக 'பிளஸ்' விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். ஏகாம்பரம் அதை நிதானமாகத் தின்னத் தொடங்கினார்.

"என்னப்பா, என்ன ஆச்சு?" என்றார் மாசிலாமணி.

"ஒண்ணும் ஆகலண்ணே. கோளாறு இல்ல. என்னோட குணம்."

அப்போது போனில் வாட்ஸ்அப் சத்தம் கேட்டது. குழுவில் புதிதாகச் சேர்ந்த முள்ளம்பன்றி ஒன்று கேட்டிருந்தது: 'பிளஸ் எப்படி இருக்கிறது? வாங்கலாமா?' மாசிலாமணி வண்டியைப் பார்த்தார், கழுதையைப் பார்த்தார், என்றைக்காவது இதை இன்னொருவர் தலையில் கட்ட வேண்டியிருப்பதை நினைத்தார். 'வெண்ணெய் மாதிரி போகிறது' என்று எழுதி அனுப்பினார். பிறகு பலகாரத் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு கரடி மலை ஏறி நடந்தது. விகுதி மாறியதைக் கவனித்திருப்பீர்கள்.

செவ்வந்தி வாசலுக்கு ஓடி வந்தாள். "என்னப்பா நடந்து வர்றீங்க, வண்டி எங்க? கோளாறா?"

சம்பந்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். கரடி வியர்வையைத் துடைத்துக்கொண்டது.

"சேச்சே," என்றது. "குணமாத்தாம்மா இருக்கு."

நீதி: ஓடாத வண்டிக்கு முன்னால் நீங்கள் கழுதையைக் கட்டினால் அது புகார், கம்பெனி கட்டினால் அது அடுத்த மாடல். ஆகவே குழந்தைகளே, கழுதையை எப்போதும் அங்கீகாரம் பெற்ற டீலரிடமே வாங்குங்கள், வாங்கியபின் நடந்து போங்கள்.