நியூரானுக்கு முறுக்கேற்றுபவர்

காலை ஆறு மணிக்கே மாடிப்படியில் ஆள்மேல் ஆள். தலைவலிக்காரர், கை நடுக்கக்காரர், பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையின் அப்பா. எல்லாருக்கும் ஒரே வியாதிதானாம், நரம்புத் தளர்ச்சி. மேலே ‘நியூரான் ஐயா’ ஒற்றைத் தந்தி கட்டிய பெட்டியோடு வீற்றிருந்தார்.

“நியூரான்னா என்ன அர்த்தம்? கிரேக்கத்துல நாண்! தளர்ந்தா முறுக்கணும், அவ்வளவுதான்!”

கூட்டம் வாயைப் பிளந்தது. கிரேக்கம் என்றதுமே பாதி நோய் போயே போய்விட்டது.

ஐயா யார் முகத்தையும் பார்க்கமாட்டார். பார்த்தால் கணிப்பு கெடுமாம். திரையிலுள்ள ஓட்டை வழியே உறை மாட்டிய கையை நீட்ட வேண்டும். அதைத் தொட்டபடி தந்தியை மீட்டி, எத்தனை தடவை வர வேண்டும் என்று சொல்வார்.

அவர் பேச்சைக் கேட்டு, அதே தெருவில் இருந்த ஒரு தையற்காரியின் தங்கை வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டாள். நேற்று அடுப்படியில் விழுந்து நெற்றியில் நாலு தையல்.

“அடுத்த தடவை கொதிக்கிற எண்ணெயில விழுந்தா என்னடி பண்ணுவே?”

“முறுக்கேறும்போது அப்படித்தான் இருக்கும்க்கா.”

தையற்காரி விடவில்லை. நியூரான் என்றால் நாண்தானா என்று, தையல் போட்ட டாக்டரிடம் கேட்டாள். அவர் சிரித்தார். “அந்தப் பழைய சொல்லுக்கு நாண்னு அர்த்தம் இருக்கறது நிஜம்தாம்மா. அதுக்காக வீணையில இருக்கற மாதிரி உடம்புல முறுக்காணி இருக்குமா?”

அன்று மாலை அவள் தன் கணவரிடம் போனாள். அவர் வலது கையைக் கடைசல் பட்டறையில் பறிகொடுத்தவர். இப்போது மாட்டியிருப்பது பிளாஸ்டிக் கை.

“ஏங்க, நாளைக்கு என்கூட ஒரு இடத்துக்கு வாங்க. அந்தக் கையோட வாங்க.”

மறுநாள் தங்கையையும் இழுத்துக்கொண்டு மூவரும் மாடியேறினார்கள். கணவர் உறை மாட்டிய பிளாஸ்டிக் கையை ஓட்டைக்குள் நீட்டினார். தந்தி டொய்ங் என்றது.

“அடடா, நியூரான் எல்லாம் தொளதொளன்னு கிடக்கே! இருங்க... ஆங், இப்ப துடிக்குது பாருங்க! ஒன்பது தடவை வந்தா சரியாயிடும்.”

கணவர் தோளிலிருந்த வாரை அவிழ்த்தார். கை திரைக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டது.

“நீங்களே வச்சு முறுக்குங்க ஐயா. ஒன்பது தடவை முடிஞ்சதும் வந்து வாங்கிக்கறோம்!”

தையற்காரி திரையைச் சரக்கென்று இழுத்தாள். ஐயாவின் மடியில் பிளாஸ்டிக் கை, முகத்தில் ஈயாடவில்லை. படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. தங்கை மட்டும் அழுதாள். “வாக்கா, டாக்டர்கிட்ட போலாம்” என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கீழ்ப்படியில் ஒருவர் இன்னும் நகரவில்லை. “ஒருவேளை இடது கையைக் காட்டியிருந்தா பலிச்சிருக்குமோ?”

மனிதத் தலைக்குள் எட்டாயிரம் கோடிக்கும் மேல் நியூரான்கள் இருக்கின்றனவாம். இங்கே கிளம்பி வரும்போது அதில் ஒரு கோடியையாவது கூடவே கூட்டி வந்திருக்கக் கூடாதா?