ரெண்டுபக்கம் டாக்டர்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் தேடினாலும், கல்யாணப் பெண்ணிடமே மேடையேறி "உன் இடது புருவம் ஒரு நூல் ஏறியிருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அடி வாங்காமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்பிய ஆள் எங்கள் ரெண்டுபக்கம் டாக்டர் ஒருவர்தான்.

கிழக்குத் தாம்பரத்தில் நான் ரிசப்ஷனில் இருந்த ஸ்கேன் சென்டரில், மூளைப் படங்களைப் பார்த்து இன்ன வியாதி என்று எழுதிக் கொடுப்பது அவர் வேலை. இடதையும் வலதையும் நாளெல்லாம் ஒப்பிட்டே பழகிய கண். அதற்கு லீவு விட அவருக்குத் தெரியாது. மசால் தோசை வந்தால் மசாலா சரியாக நடுவில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பார். ஒருநாள் ஆட்டோக்காரரிடம், "வண்டியோட ஒரு பக்கக் கண்ணாடி எறங்கியிருக்கேப்பா" என்றார்.

"இன்னா சார், வண்டில ஏறுறியா, பொண்ணு பாக்க வந்துக்கிறியா?"

"மீசையும் அப்படித்தான் இருக்கு."

அன்றைக்கு சேலையூர் வரை நடந்துதான் போனார்.

என் அப்பாவுக்குத் தள்ளாட்டமும் மறதியும் வந்தபோது எனக்குச் சிரிப்பெல்லாம் அடங்கிப்போனது. வேறோர் இடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வயசுக்கேற்ற மூளைதான், வேறொன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. "இனிமே இப்படித்தான், மனசைத் தேத்திக்கோ" என்று சொந்தக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். அப்பா என்னையே "யாரும்மா நீ?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். மனசு கேட்காமல் அந்தப் படத்தை டாக்டரிடம் நீட்டினேன். பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கேம்மா!"

"நல்லதுதானே சார்?"

"என்ன நல்லது? இந்த வயசுல மூளை மடிப்பெல்லாம் பளிச்னு தெரியணும். இங்க ரெண்டு பக்கமும் அமுங்கிக் கெடக்கு. எதுவோ அழுத்துது. அப்பாவை இப்பவே கூட்டிட்டு வா, எம்.ஆர்.ஐ. எடுப்போம்."

எடுத்தோம். மூளைக்கு மேலே இரண்டு பக்கமும் பழைய ரத்தம் தேங்கி நின்றது. சி.டி.யில் அது மூளையின் நிறத்தோடு கலந்து ஒளிந்துகொண்டிருந்ததாம். எப்போதோ பாத்ரூமில் வழுக்கி விழுந்து தலையை இடித்துக்கொண்டதைப் பற்றி அப்பா மூச்சு விடவில்லை பாருங்கள்!

"மறதி நோயும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஆபரேஷன் பண்ணி அந்த ரத்தத்தை எடுத்தா மனுஷன் எழுந்து உக்காந்துடுவார்" என்று அடித்துச் சொன்னார் டாக்டர்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்த அப்பா என்னை உற்றுப் பார்த்தார். "ஏன்டி இப்படி எளைச்சுட்டே, சாப்பிடறதில்லையா?" என்றார்.

வெளியே ஓடிவந்து டாக்டருக்குப் போன் போட்டேன். நன்றி சொல்லத்தான் நினைத்தேன், அழுகைதான் வந்தது. ஊரில் ஒருத்தரையும் விட்டுவைக்காத அந்த வாய் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அழுது முடிக்கும்வரை, பாவம், லைனிலேயே இருந்தார்.