கேப்டனின் மறைவும் அப்பாவின் மறுவருகையும்

நீண்ட காலம் ஓடும் விண்வெளித் தொடர்களில் யாரும் ஒரே தடவையில் செத்துத் தொலைப்பதில்லை. வெடித்துச் சிதறியவர் அடுத்த சீசனில் நகலாக வருவார். கருந்துளையில் விழுந்தவர் வேறொரு காலத்திலிருந்து புது மனைவியோடு வருவார். இதெல்லாம் தெரிந்தும், ஒன்பதாவது சீசனில் கேப்டன் இறந்தபோது நான் விசும்பி அழுதேன். (வயது இருபத்தாறு.)

அப்போது நாளிதழ் ஒன்றில் மரண அறிவிப்புப் பக்கத்தை வடிவமைப்பது என் வேலை. ஆகவே கேப்டனையும் முறைப்படி அனுப்பிவைக்க முடிவு செய்தேன். எங்கள் ரசிகர் குழுவில் ஏழு பேர். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் கூடி, அந்த அத்தியாயத்தை மறுபடி பார்ப்பதாக ஏற்பாடு. அவர்கள் வீடு தேடி அலையக் கூடாதே என்று காலையிலேயே லிஃப்ட் பக்கத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டினேன்.

கறுப்புக் கட்டம். நடுவே கேப்டன் படம். பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டதால் வெள்ளைத் தாடி மட்டும் தெளிவு. "எங்கள் அன்புத் தலைவர் நம்மை விட்டுப் பிரிந்தார். இறுதி மரியாதை: இன்று மாலை 4." எங்கள் வீட்டு எண். "துயரத்துடன், குணா." இறந்தவர் பெயர் போடவில்லை. கேப்டனைத் தெரியாதவர் உலகில் உண்டா என்ன!

பதினோரு மணிக்குத் தொலைபேசி. என் தங்கை தேவியைப் பெண் பார்க்க மறுவாரம் வரவேண்டியவர்கள், இன்றே நான்கு மணிக்கு வருகிறார்களாம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையின் படத்தைத் தேவி ஒளித்து ஒளித்துப் பார்ப்பதை நானே பார்த்திருந்தேன். ரசிகர்களுக்கு வாட்ஸ்அப்பில் "ரத்து" என்று அனுப்பினேன். கீழே ஒட்டிய தாளை மறந்தேன். அப்பா தன் வெள்ளைத் தாடியை எடுக்கவும் முடிக்கு மை அடிக்கவும் சலூனுக்குப் போனார்.

பலகாரம் வாங்கிக்கொண்டு மூன்றரைக்குத் திரும்பினால், வாசலில் துக்க வீட்டுப் பந்தலாகக் கெமா போட்டிருந்தார்கள். அதற்குள் நாற்பது நாற்காலி, ஒரு டிரம் காப்பி. (எங்கள் அடுக்குமாடியில் ஒரு பல்பு மாற்ற மூன்று மாதம் ஆகும்.) பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அழுதுடு தம்பி. உள்ளுக்குள்ள வச்சிக்காத."

"அக்கா, அவரு விண்வெளியில செத்தவரு..."

"ஆமாய்யா, மேலதான் போயிருக்காரு."

அந்த நேரம் பார்த்து, கரிய முடியும் மழித்த முகமுமாக, பத்து வயது குறைந்த அப்பா நடந்து வந்தார். "யாருலா செத்தது?" என்றார். லெட்சுமி அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா தாளைப் படித்தார். என்னைப் பார்த்தார். கை ஓங்கியபோது மாப்பிள்ளை வீட்டுக் கார் வந்து நின்றது.

"சாவு வீடு. காரைத் திருப்பு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சேலையோடு படியிறங்கி வந்த தேவி பாதிப் படியில் நின்றுவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, கேப்டனுக்குப் பதில் நானே போயிருக்கலாம் என்று தோன்றியது.

மாப்பிள்ளை மட்டும் இறங்கினார். சரவணன், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் இன்ஜினியர். மரியாதையோடு தாளருகே போனவர், தாடியை உற்றுப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்.

"அண்ணே, இவரு சாகலையே! உடம்பைக் காட்டவே இல்ல. கதவு மூடுச்சு, வெளிச்சம் வந்துச்சு, அவ்ளோதான்."

"காத்தே இல்லாத இடம்லா! எப்படிப் பொழைப்பாரு?" என்றேன். (சூழ்நிலை மறந்துவிட்டது.)

"மூச்சைப் பிடிச்சிக்கிட்டு இருப்பாரு" என்றாள் தேவி. "நீ வழிய விடுண்ணே. அவங்க உள்ள வரட்டும்."

சரவணன் இன்னும் சத்தமாகச் சிரித்தார். மகன் இப்படிச் சிரிப்பதைப் பார்த்து அம்மாவும் காரைவிட்டு இறங்கினார். காப்பி சூடாக இருந்தது, நாற்காலிகள் தயாராக இருந்தன. அடுக்குமாடி மொத்தமும் உட்கார்ந்திருக்க, பெண் பார்க்கும் சடங்கு அந்தக் கெமாவிலேயே நடந்தது.

பதினோராவது சீசனில் கேப்டன் திரும்பி வந்தார். தலைப்பாடல் முடிவதற்குள் சரவணன் அழைத்துவிட்டார்: "மச்சான், மறுப்புச் செய்தி எப்ப போடுவீங்க?"

அப்பாவுக்கு அந்த அடுக்குமாடியில் இன்றுவரை ஒரே பெயர்தான். காலையில் லிஃப்டில் பார்த்தால் லெட்சுமி அக்கா கேட்பார்: "என்ன சீசன் டூ, பசாருக்கா?"

"ஆமா" என்பார் அப்பா. "மூணாவதுக்கும் கையெழுத்துப் போட்டாச்சு."